உடற்கல்வி வகுப்பில் கலப்பு முறைக் கற்றல்: புதிதாகத் தொடங்கும் ஆசிரியருக்கு

பி.டி. பீரியட் காகிதத்தில் 40 நிமிடம். வகுப்பறையிலிருந்து கிரவுண்டுக்கு வந்து சேர வேண்டும், வரிசையில் நிற்க வேண்டும், வருகை எடுக்க வேண்டும். இன்றைக்கு என்ன விளையாட்டு என்று சொல்லி, விதியை விளக்கி, இரண்டு பேரைக் கூப்பிட்டுச் செய்தும் காட்ட வேண்டும். இதற்கே பாதி போய்விடும். அப்புறம் 50 பேருக்கு இரண்டு பந்து. கடைசி வரிசையில் நிற்கும் பிள்ளைக்கு மூன்று முறை பந்து கைக்கு வந்தால் பெரிது.

கலப்பு முறைக் கற்றல் என்றதும் பலருக்கு ஸ்மார்ட் போர்டும் செயலிகளும்தான் நினைவுக்கு வருகின்றன. உடற்கல்வியில் அதற்கு ஒரே ஒரு வேலைதான். வாயால் சொல்ல வேண்டியதையும் கண்ணால் பார்க்க வேண்டியதையும் கிரவுண்டுக்கு வெளியே நகர்த்தி, கிரவுண்டில் பிள்ளைகள் ஓடும் நேரத்தைக் கூட்டுவது. திரை வந்ததால் ஓட்டம் குறைந்தது என்றால் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டுவிடலாம். கீழே வரும் ஒவ்வொரு படியையும் இந்த ஒரு அளவுகோலை வைத்தே எழுதியிருக்கிறேன்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். 2020-ல் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது வீட்டிலிருந்தபடியே கைபேசியைப் பார்த்து உடற்பயிற்சி செய்யச் சொன்னோமே, அது தொலைவழிக் கல்வி. கலப்பு முறையில் கிரவுண்டு அப்படியே இருக்கும், அதைச் சுற்றி வீட்டிலும் கணினி ஆய்வகத்திலும் சின்னச் சின்ன வேலைகள் சேரும். அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்து உட்லண்ட் பார்க் என்ற ஊரில் ஜொனாதன் பெர்க்மன், ஆரன் சாம்ஸ் என்ற இரண்டு வேதியியல் ஆசிரியர்கள் 2007-ல் தங்கள் பாடங்களைப் படம்பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தார்கள். விளையாட்டுப் போட்டிக்காக வெளியூர் போய் வகுப்பைத் தவறவிட்ட பிள்ளைகளுக்கு உதவுவதுதான் அவர்கள் நோக்கம். விளக்கத்தை வீட்டில் பார்த்துவிட்டு வந்தால் வகுப்பில் செய்முறைக்கு நேரம் கிடைக்கிறது என்பது அதிலிருந்து தெரிந்தது. தலைகீழ் வகுப்பறை என்று இன்று சொல்லப்படும் முறை பரவியது இப்படித்தான். விளையாட்டுப் பிள்ளைகளுக்காகப் பிறந்த முறையை நாம் பயன்படுத்தத் தயங்க வேண்டியதில்லை.

படி 1: இப்போது எவ்வளவு நேரம் ஓடுகிறார்கள் என்று அளந்து பாருங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் ஒரு சாதாரண வகுப்பை அளந்துவிடுங்கள். கால் சுளுக்கு என்று உட்கார்ந்திருக்கும் ஒரு மாணவரிடம் ஸ்டாப்வாட்ச்சைக் கொடுத்து, வகுப்பில் ஒரு பிள்ளையை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். அந்தப் பிள்ளை நடந்தாலோ ஓடினாலோ கடிகாரம் ஓட வேண்டும். நின்றாலோ உட்கார்ந்தாலோ நிற்க வேண்டும். நன்றாக விளையாடும் பிள்ளையைத் தேர்ந்தெடுத்தால் கணக்கு ஏமாற்றும். யார் கண்ணிலும் படாமல் பின்னால் நிற்கும் பிள்ளையைத் தேர்ந்தெடுங்கள்.

பாடவேளையில் பாதியாவது பிள்ளைகள் மூச்சு வாங்கும் அளவுக்கு அசைய வேண்டும் என்பது பல நாடுகளின் உடற்கல்வி அமைப்புகள் வைத்திருக்கும் இலக்கு. 40 நிமிடத்தில் 20 நிமிடம். உங்கள் கடிகாரம் என்ன காட்டுகிறதோ அதைத் தேதியுடன் குறித்து வையுங்கள். தலைமையாசிரியரிடம் பேசப் போகும்போது இந்த எண்தான் உங்கள் கையில் இருக்கும் வலுவான ஆதாரம்.

அதே நாளில் இன்னொன்றும் செய்யுங்கள். நீங்கள் பேசிய நேரத்தையும் யாரையாவது குறிக்கச் சொல்லுங்கள். எந்த விளக்கத்தை வீட்டுக்கு அனுப்பலாம் என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

படி 2: பிள்ளைகள் வீட்டில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்

வகுப்புக்கு ஒரு தாளில் நான்கு கேள்விகள் போதும். வீட்டில் காணொளி பார்க்கக்கூடிய கைபேசி உண்டா? அது யாருடையது, எத்தனை மணிக்கு வீட்டுக்கு வரும்? எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறீர்கள்? ரீசார்ஜ் எப்போதும் இருக்குமா? இதைக் கை தூக்கச் சொல்லிக் கேட்காதீர்கள். வீட்டில் கைபேசி இல்லாத பிள்ளை எல்லோர் முன்பும் கையைக் கீழே வைத்துக்கொண்டு உட்கார நேரும். எழுதி வாங்குங்கள்.

பதில்கள் எப்படி வரும் என்று ஊகிக்கலாம். அப்பாவின் கைபேசி இரவு எட்டு மணிக்குத்தான் வரும், அக்காவும் தம்பியும் அதற்காகக் காத்திருப்பார்கள், மாதக் கடைசியில் டேட்டா இருக்காது. ஆகவே உங்கள் பாடம் மூன்று வாசல்களில் கிடைக்க வேண்டும். கைபேசி உள்ளவர்களுக்குக் காணொளி. இல்லாதவர்களுக்கு அதே விஷயம் படத்துடன் ஒரு பக்கத் தாளில். இரண்டும் பார்க்காமல் வந்தவர்களுக்குப் பள்ளியிலேயே ஓரிடம்: உயர் தொழில்நுட்ப ஆய்வகமோ, ஸ்மார்ட் போர்டு உள்ள வகுப்பறையோ, மதிய இடைவேளையில் ஐந்து நிமிடம். வீட்டில் கைபேசி இல்லை என்ற காரணத்துக்காக ஒரு பிள்ளைகூட கிரவுண்டில் பின்தங்கக் கூடாது. அதற்கு வழி செய்ய முடியாவிட்டால் வீட்டுக்கு எதையும் அனுப்பாமல் ஆய்வகத்தை மட்டும் பயன்படுத்துங்கள். அதுவும் கலப்பு முறைதான்.

படி 3: ஒரே ஒரு விளையாட்டை எடுங்கள்

ஆண்டு முழுவதையும் மாற்றப் போகாதீர்கள். ஒரு வகுப்பு, ஒரு விளையாட்டு, நான்கு வாரம். நான் கோ கோவைச் சொல்வேன். பந்து வேண்டாம், வலை வேண்டாம், இரண்டு கம்பமும் சுண்ணாம்புக் கோடும் போதும். குறுவட்டப் போட்டிகளில் (பக்கத்துப் பள்ளிகளுக்கு இடையே நடக்கும் போட்டிகளில்) உள்ள விளையாட்டு என்பதால் பள்ளியில் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு: கோ கோவில் விதிதான் ஆட்டமே. விதி தெரியாத வகுப்பில் ஆட்டம் நிமிடத்துக்கு ஒரு முறை நிற்கும், நீங்கள் நடுவில் போய் விளக்கிக்கொண்டிருப்பீர்கள். விளக்கத்தை முன்கூட்டியே அனுப்பிவிட்டால் மிச்சமாகும் நேரம் இந்த விளையாட்டில்தான் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

2025 ஜனவரியில் டெல்லியில் முதல் கோ கோ உலகக் கோப்பை நடந்தது. ஆண்கள், பெண்கள் இரண்டு பிரிவிலும் இந்தியா வென்றது. அந்த ஆட்டங்களில் இரண்டு நிமிடத்தைப் போட்டுக்காட்டினால் பிள்ளைகளுக்கு ஆசை வரும். ஆனால் ஆசையை மூட்டுவதற்கு வேறு காணொளி, கற்றுத்தருவதற்கு வேறு காணொளி. தொலைக்காட்சிக்காக அமைத்த ஆட்டங்களில் விதிகள் மாறியிருக்கும். அல்டிமேட் கோ கோ லீக்கில் ‘வசீர்’ என்று ஒரு துரத்துபவர் இருப்பார். அவர் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பி ஓடலாம். அதைப் பார்த்துப் பழகிய பிள்ளை குறுவட்டப் போட்டியில் அப்படித் திரும்பினால் விசில் ஊதிவிடுவார்கள். ஆகவே கற்றுத்தரும் காணொளியை நீங்களே எடுங்கள்.

படி 4: ஒரு நிமிடக் காணொளி எடுப்பது

இதற்கு நல்ல கேமரா தேவையில்லை, நல்ல முடிவுகள்தான் தேவை.

ஒரு காணொளியில் ஒரு திறன். ‘கோ கோ விளையாடுவது எப்படி’ என்று பத்து நிமிடம் எடுத்தால் யாரும் பார்க்க மாட்டார்கள். ‘கோ கொடுப்பது’ என்று மட்டும் எடுங்கள்: துரத்துபவர், உட்கார்ந்திருக்கும் தன் அணிக்காரரைத் தொட்டு “கோ” என்று சொல்லித் துரத்தும் வேலையை அவரிடம் விடுவது. அதில் மூன்று குறிப்புச் சொற்கள்: முதுகைத் தொடு, தொடும்போதே சொல், அந்த இடத்தில் உட்கார். நாளைக்குக் கிரவுண்டிலும் இதே மூன்று சொற்களைத்தான் நீங்கள் கத்தப் போகிறீர்கள். காணொளியில் ஒரு சொல்லும் கிரவுண்டில் வேறு சொல்லும் வந்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள்.

கேமராவை இடுப்பு உயரத்தில், ஆடாமல் வையுங்கள். ஒரு நாற்காலியும் இரண்டு புத்தகமும் போதும். சூரியன் கேமராவின் முதுகுப் பக்கம் இருக்கட்டும். எதிர்ப்பக்கம் இருந்தால் செய்துகாட்டுபவர் கறுத்த நிழலாகத் தெரிவார். ஓட்டத்தையும் எழும் விதத்தையும் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். கோ கொடுப்பதைத் துரத்துபவரின் பின்னாலிருந்து சற்றுச் சாய்வாக எடுங்கள், அப்போதுதான் கை முதுகில் படுவது தெரியும். தலையிலிருந்து கால் வரை முழு உடலும் சட்டத்துக்குள் இருக்க வேண்டும். பாதம் வெட்டுப்பட்ட காணொளியால் உடற்கல்விக்குப் பயனில்லை.

கிரவுண்டில் பேசினால் காற்றுச் சத்தம்தான் பதிவாகும். படத்தை முதலில் எடுத்துவிட்டு, மூடிய அறையில் குரலைத் தனியாகப் பதிந்து சேர்க்கலாம். இலவச எடிட்டிங் செயலிகள் பலவற்றில் இந்த வசதி உண்டு. வேகமாக ஒரு முறை, மெதுவாக ஒரு முறை, மறுபடி வேகமாக ஒரு முறை. ஒரு நிமிடம் முடிந்துவிடும். தரத்தை 480 அளவுக்குக் குறைத்து அனுப்புங்கள், டேட்டா மிச்சம். செய்துகாட்டுவது நீங்களாகவே இருங்கள். பிள்ளைகளை வைத்து எடுத்தால் வரும் பொறுப்புகளைப் பின்னால் சொல்கிறேன்.

பகிர்வதற்கு, யூடியூப்பில் இணைப்பு உள்ளவர்கள் மட்டும் பார்க்கும்படி (Unlisted) ஏற்றி, அதன் இணைப்பைக் க்யூஆர் குறியீடாக மாற்றி அச்சிட்டுக் கொடுப்பது எளிய வழி. நம் பாடநூல்களில் 2018 முதல் க்யூஆர் குறியீடுகள் வருவதால் ஸ்கேன் செய்வது பிள்ளைகளுக்குப் பழகிய வேலை. வாட்ஸ்அப் குழு வைப்பதானால் பெற்றோர் எண்களை மட்டும் சேர்த்து, அட்மின் மட்டுமே பதிவிடலாம் என்று அமைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு நாளில் காலை வணக்கங்களுக்கு நடுவே உங்கள் காணொளி காணாமல் போகும்.

தாள் வடிவத்துக்கும் இதே அக்கறை வேண்டும். மூன்று குச்சி மனிதப் படங்கள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு குறிப்புச் சொல். அதைப் பார்த்து நோட்டில் வரைந்துகொண்டு வருவதே வீட்டுப்பாடம். வரையும் பிள்ளை காணொளி பார்த்த பிள்ளையைவிடத் தெளிவாக வருவதும் உண்டு, ஏனென்றால் கையை எங்கே வைப்பது என்று யோசித்தால்தான் அந்தப் படத்தை வரைய முடியும்.

படி 5: நான்கு வாரம், எட்டுப் பாடவேளை

வாரத்துக்கு இரண்டு பாடவேளை என்று வைத்துக்கொள்கிறேன்.

முதல் வாரத்துக்கு வீட்டுக்கு அனுப்ப வேண்டியது உட்காரும் முறை. துரத்தும் அணியில் எட்டுப் பேர் நடுக்கோட்டில் சதுரங்களில் உட்கார்வார்கள், ஒன்பதாமவர் துரத்துவார். அடுத்தடுத்து உட்காருபவர்கள் எதிரெதிர்ப் பக்கம் பார்க்க வேண்டும். உட்காருவதில் இரண்டு வகை: இரண்டு பாதமும் இணையாக இருப்பது ஒன்று, ஓட்டப் பந்தயத் தொடக்கம் போல ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னும் வைப்பது இன்னொன்று. எது தனக்கு வசதி என்று வீட்டு வாசலிலேயே இரண்டையும் பத்துப் பத்து முறை உட்கார்ந்து எழுந்து பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள். கிரவுண்டுக்கு வந்ததும் நீங்கள் விளக்க வேண்டியதில்லை. “இணையா, முன் பின்னா? முடிவு செய்தாச்சா? சரி, உட்கார்” என்று விசிலை ஊதலாம்.

இரண்டாம் வாரம் கோ கொடுப்பது. புதியவர்களிடம் வரும் பிழைகள் எல்லாப் பள்ளியிலும் ஒன்றுதான். ஓடி வரும் பிள்ளை மூன்றடி தள்ளி இருக்கும்போதே “கோ” என்று கத்திவிடும், உட்கார்ந்திருக்கும் பிள்ளை சத்தத்தைக் கேட்டு எழுந்துவிடும், கை காற்றில் போகும். தொடுதலும் சொல்லும் ஒன்றாக வர வேண்டும், தொடப்பட்ட பிறகுதான் எழ வேண்டும். இன்னொரு பிழை, முதுகில் அறைவது. வேகத்தில் வரும் பிள்ளைக்குக் கை வலு தெரியாது. உள்ளங்கையை விரித்துத் தோள்பட்டைக்குச் சற்றுக் கீழே வைத்தால் போதும் என்பதைக் காணொளியிலேயே காட்டிவிடுங்கள். அடிபட்ட பிள்ளை அடுத்த முறை கை வருவதற்கு முன்பே முன்னால் குனிந்துவிடும், அதற்கப்புறம் ஆட்டம் வராது.

மூன்றாம் வாரம் திசை விதி. ஒரு பக்கம் ஓட ஆரம்பித்த துரத்துபவர் கம்பத்தைத் தாண்டாமல் திரும்பக் கூடாது, உட்கார்ந்திருப்பவர்களுக்கு நடுவே குறுக்கே புகவும் கூடாது. ஓடும் அணிக்கு அந்தத் தடை கிடையாது. இந்த விதியைச் சொல்லிப் புரியவைப்பது கடினம், மேலிருந்து பார்த்தால் ஒரு நொடியில் புரியும். பள்ளி மாடியிலிருந்து கிரவுண்டைப் படமெடுக்க முடிந்தால் எடுங்கள். முடியாவிட்டால் மேசைமேல் எட்டுப் புளியங்கொட்டையை வரிசையாக வைத்து, ஒரு பொத்தானைத் துரத்துபவராக நகர்த்தி மேலிருந்து படமெடுங்கள். முகமும் வேண்டாம், கிரவுண்டும் வேண்டாம். வீட்டில் கைபேசி இல்லாத பிள்ளைகளும் அதே புளியங்கொட்டையை வைத்துத் தங்கையுடன் விளையாடிப் பார்க்கலாம்.

நான்காம் வாரம் ஆட்டம். வீட்டுக்கு அனுப்ப எதுவும் வேண்டாம். படி 1-ல் பயன்படுத்திய ஸ்டாப்வாட்ச்சை மறுபடி வெளியே எடுங்கள்.

ஒவ்வொரு வாரமும் வகுப்பு தொடங்கும்போது யார் பார்த்தார்கள், யார் பார்க்கவில்லை என்று விசாரிக்க வேண்டாம். வார்ம் அப் ஓட்டத்தின்போதே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: “கோ எங்கே கொடுக்கணும்? முதுகுன்னா இடப்பக்கம் ஓடு, தோள்னா வலப்பக்கம் ஓடு!” யார் எந்தப் பக்கம் ஓடுகிறார்கள் என்பதிலேயே நிலவரம் தெரிந்துவிடும். தவறான பக்கம் ஓடியவர்களை அப்படியே ஒரு குழுவாகச் சேர்த்து இரண்டு நிமிடம் செய்துகாட்டுங்கள், மற்றவர்கள் அதற்குள் ஆட்டத்தைத் தொடங்கட்டும்.

படி 6: கிரவுண்டில் கைபேசியை எங்கே வைப்பது

மாணவர்கள் பள்ளிக்குக் கைபேசி கொண்டுவரக் கூடாது. அந்த விதியை நமக்காகத் தளர்த்தக் கேட்க வேண்டாம். பள்ளிக்குச் சொந்தமான ஒரு டேப்லட் இருந்தால் நல்லது. அதுவும் இல்லாவிட்டால் தலைமையாசிரியருக்குத் தெரிவித்துவிட்டு உங்கள் கைபேசி.

வகுப்பில் 48 பேர் என்றால் 12 பேராக நான்கு நிலையங்கள். ஒன்றில் கோ கொடுத்தல், ஒன்றில் கம்பத்தைச் சுற்றித் திரும்புதல், ஒன்றில் இருவர் இருவராகத் தப்பி ஓடுதல், நான்காவதில் கேமரா. ஒவ்வொன்றிலும் ஆறு நிமிடம், மாறுவதற்கு ஒரு நிமிடம். வார்ம் அப்புக்கும் முடிவுக்கும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் 40 நிமிடத்தில் அடங்கிவிடும்.

கவனிக்க வேண்டியது கேமரா நிலையத்தைத்தான். ஒரு திரையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர் நின்று எட்டிப் பார்த்தால் நம் அளவுகோல் உடைந்துவிடும். ஆறு பேர் கேமராவில், ஆறு பேர் பக்கத்தில் ஸ்கிப்பிங். மூன்று நிமிடத்தில் மாறிக்கொள்ளட்டும். கேமராவுக்குத் தாமதக் காணொளிச் செயலி ஒன்றைப் போட்டுவிடுங்கள். 15 விநாடிக்கு முன் நடந்ததை அது திரையில் காட்டிக்கொண்டே இருக்கும். பிள்ளை எழுந்து ஓடி, சுற்றி நடந்து திரைக்கு வரும்போது தான் எழுந்த விதத்தைத் தானே பார்க்கும். யாரும் பொத்தானை அழுத்த வேண்டாம். சேமிக்காத வகைச் செயலியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் படம் எங்கும் தங்காது. என்னைக் கேட்டால், உடற்கல்விக்கு வந்த தொழில்நுட்பங்களில் இதைவிடப் பயனுள்ள ஒன்று இல்லை. “குதிகாலைத் தூக்கு” என்று நூறு முறை சொல்லியும் மாறாத பிள்ளை, தன் குதிகால் தரையில் ஒட்டியிருப்பதை ஒரு முறை பார்த்ததும் மாறிவிடும்.

ஸ்லோ மோஷன் பற்றி ஒரு குறிப்பு. சாதாரணக் காணொளி நொடிக்கு 30 படம். வேகமாக ஓடும் பிள்ளையின் பாதம் தரையில் இருப்பது நொடியில் பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடுதல். மூன்று நான்கு படம்தான் கிடைக்கும். 120 படம் எடுக்கும் அமைப்பில் பன்னிரண்டுக்கு மேல் கிடைக்கும். அதனால் முன்கூட்டியே எழுந்தாரா, கால் எங்கே விழுந்தது என்பதற்கு ஸ்லோ மோஷன். ஆனால் பல கைபேசிகளில் ஸ்லோ மோஷனில் ஒலி இழுபடும், சிலவற்றில் வரவே வராது. தொட்டதும் சொன்னதும் ஒன்றாக வந்ததா என்று பார்க்கச் சாதாரணக் காணொளியே சரி.

கோணம் அளப்பதற்கும் கோடு போட்டுக் காட்டுவதற்கும் கினோவியா என்ற இலவச மென்பொருள் உண்டு, விண்டோஸ் கணினியில் மட்டும் ஓடும். பள்ளி அணியைப் போட்டிக்குத் தயார் செய்யும்போது அது உதவும், வகுப்புக்குத் தேவையில்லை. எந்தச் செயலியையும் நம்பிப் பாடத்திட்டத்தையே கட்டிவிடாதீர்கள். உலகம் முழுக்கப் பயிற்சியாளர்கள் பயன்படுத்திய கோச்சஸ் ஐ என்ற செயலி 2022-ல் நிறுத்தப்பட்டது. உங்கள் குறிப்புச் சொற்களும் தாளும் கையில் இருந்தால் செயலி போனாலும் வகுப்பு நடக்கும்.

படி 7: வீட்டு வேலையைச் சிறியதாக வையுங்கள்

5 முதல் 17 வயது வரை உள்ளவர்கள் சராசரியாக நாளுக்கு 60 நிமிடம் உடலை அசைக்க வேண்டும், வாரத்தில் மூன்று நாளாவது தசைக்கும் எலும்புக்கும் வலு சேர்க்கும் வேலை இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல். வாரத்துக்கு இரண்டு பாடவேளையில் இதை எட்ட முடியாது என்பதால்தான் வீட்டுப் பக்கம் தேவைப்படுகிறது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். காலையில் எழுந்ததும் மணிக்கட்டில் நாடித்துடிப்பு: சுவர்க் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்க வேண்டும். மாலையில் 30 விநாடி ஸ்கிப்பிங், கயிறு இல்லாவிட்டால் கயிறு இருப்பதாக வைத்துக் குதிக்கலாம். இதற்கு மேல் வேண்டாம், பத்து நிமிடத்துக்குள் முடிய வேண்டும். மூன்றாவதாக ஒரு கட்டம்: இன்றைக்கு வேறென்ன உடல் வேலை செய்தாய்? சைக்கிளில் பள்ளிக்கு வந்தது, குடத்தில் தண்ணீர் தூக்கியது, விடியலில் பேப்பர் போட்டது, தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தது. எல்லாம் அந்தக் கட்டத்தில் வரட்டும். நான்கு தெரு பேப்பர் போட்டுவிட்டு வகுப்பில் தூங்கி விழும் பையனைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆசிரியர்கள் அந்தக் கட்டத்தைப் படிக்க வேண்டும். பெண் பிள்ளைகளின் கட்டங்களையும் நிதானமாகப் படியுங்கள். மாலை முழுவதும் வீட்டு வேலைதான் என்று தெரிந்தால், அவர்களுக்கு வீட்டில் பயிற்சி கொடுப்பதற்குப் பதில் பள்ளியிலேயே விளையாட நேரம் தேடித்தர வேண்டியது நம் பொறுப்பு.

யாரும் பார்க்காத இடத்தில் செய்யும் வேலை என்பதால் ஆபத்தில்லாததை மட்டும் கொடுங்கள். தலைகீழாக நிற்பது, பாய்வது, எடை தூக்குவது கூடாது. வழவழப்பான டைல்ஸ் தரையில் குதிக்க வேண்டாம், சாப்பிட்டவுடன் வேண்டாம். இளைப்பு, இதயக் கோளாறு, வலிப்பு உள்ள பிள்ளைகளின் விவரத்தை முதல் வாரமே பெற்றோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்களுக்கு மருத்துவர் சொல்லும் அளவுதான் அளவு.

‘செய்ததற்கு ஆதாரமாக வீடியோ அனுப்பு’ என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டின் உள்பக்கத்தைப் படமெடுத்து அனுப்ப எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தக் கூடாது. எழுதியதை நம்புங்கள். பொய்யாக நிரப்பினால் நாடித்துடிப்பு எண்களிலேயே தெரியும்: ஏழு நாளும் 72 என்று இருக்கும்.

படி 8: படமெடுப்பதற்கு முன் ஒப்புதல்

இந்தப் படியைத் தள்ளிப்போடாதீர்கள், நேரத்தில் இதுதான் முதல் படி. 2023-ல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ள எல்லோரையும் குழந்தை என்றே கணக்கில் எடுக்கிறது, அவர்களது தரவுக்குப் பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், ஓடும்போதும் குனியும்போதும் குதிக்கும்போதும் எடுத்த ஒரு பிள்ளையின் படம் தவறான கையில் போனால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஒப்புதல் தாள் தமிழில், அரைப் பக்கத்தில் இருக்கட்டும்: என்ன எடுக்கிறோம், எதற்கு, எதில், எப்போது அழிப்போம், யாருக்கும் அனுப்ப மாட்டோம். வேண்டாம் என்று சொல்வதற்கும் ஒரு கட்டம் வேண்டும். வேண்டாம் என்று வந்த பிள்ளைக்குக் கேமரா நிலையத்தில் வேறு வேலை: நண்பர் ஒருவர் குறிப்புத் தாளை வைத்துக்கொண்டு பார்த்துச் சொல்வார். ஏன் வேண்டாம் என்று கேட்கவே கேட்காதீர்கள்.

பெண் பிள்ளைகளைப் படமெடுக்க வேண்டி வந்தால் ஓர் ஆசிரியை உடனிருக்கட்டும். குனியும் பயிற்சியைப் பின்னாலிருந்து எடுக்க வேண்டாம். கோ கொடுப்பதைக்கூடப் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். வகுப்பு முடிந்ததும், பிள்ளைகள் போவதற்கு முன், அவர்கள் கண்ணெதிரே அழித்துவிடுங்கள். குப்பைத்தொட்டிக் கோப்புறையும் காலியாக வேண்டும். கைபேசி தானாகவே இணையக் கிடங்கில் படங்களைச் சேமிக்கும் வசதியை வகுப்புக்கு முன் நிறுத்திவிடுங்கள், இதைத்தான் பலரும் மறக்கிறார்கள். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வகுப்புப் படம் போடுவது, பள்ளிக்குப் பெருமையாக இருந்தாலும் கூடாது.

மழைக்காலமும் தலைமையாசிரியரும்

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் கிரவுண்டு சேறாகிவிடும். கணக்கு ஆசிரியர் பீரியடைக் கேட்டு வருவதும் அப்போதுதான். கையில் தயார் பாடம் இருந்தால் கொடுக்க வேண்டியதில்லை. ஆய்வகத்தில் பத்து நிமிடம் ஆட்டத்தின் ஒரு பகுதியைப் பார்ப்பது, நடுவர் விசில் ஊதும் நொடியில் நிறுத்தி ஏன் ஊதினார் என்று எழுதச் சொல்வது, மீதி நேரம் வராந்தாவில் உட்கார்ந்து எழும் போட்டி. மழைநாள் பாடங்களை ஜூன் மாதமே எழுதி வைத்துவிடுங்கள்.

தலைமையாசிரியரிடம் போகும்போது தொடங்குவதற்கு முன் எடுத்த ஸ்டாப்வாட்ச் எண், நான்காம் வார எண், ஒப்புதல் தாள்கள் ஆகிய மூன்றும் போதும். ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: வீட்டில் காணொளி பார்க்கிறார்கள் என்பதைக் காரணம் காட்டிக் கிரவுண்டு நேரத்தைக் குறைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

மதிப்பிடுவது

மத்திய அரசின் கேலோ இந்தியா திட்டத்து உடற்திறன் சோதனையில் 9 முதல் 18 வயது வரைக்கும் 50 மீட்டர் ஓட்டம், 600 மீட்டர் ஓட்டம் அல்லது நடை, உட்கார்ந்து முன்னால் எட்டுவது, வயிற்றுத் தசைப் பயிற்சி, புஷ் அப், உயர எடைக் குறியீடு (BMI) ஆகியவை உண்டு. ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் எடுத்து அந்தந்தப் பிள்ளையின் நோட்டிலேயே எழுதிக் கொடுங்கள். பிள்ளை தன் பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கட்டும். எடையை உரக்கப் படிக்காதீர்கள். காணொளி பார்த்ததற்கு மதிப்பெண் கொடுக்காதீர்கள், அது கைபேசி உள்ள வீட்டுக்குக் கொடுக்கும் மதிப்பெண் ஆகிவிடும்.

விலக்கு பெற்ற பிள்ளைகள்

ஒவ்வொரு வகுப்பிலும் மரத்தடியில் இரண்டு மூன்று பேர் பை காத்துக்கொண்டிருப்பார்கள். ஓடுவதிலிருந்துதான் அவர்களுக்கு விலக்கு, உடற்கல்வியிலிருந்து இல்லை. ஸ்டாப்வாட்ச், தாமதக் காணொளித் திரை, குறிப்புத் தாள் மூன்றும் அவர்கள் கையில் இருக்கட்டும். விதிக் காணொளியை மற்றவர்களுக்கு முன்பே அவர்களிடம் கொடுத்து நடுவராகத் தயார் செய்யுங்கள். சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளைக்குத் தனியாக ஒரு செயல் வேண்டும்: அதே கோ விதியில், உட்கார்ந்தபடி பந்தைக் கைமாற்றும் ஆட்டத்தை அந்தப் பிள்ளையோடு நான்கு பேரைச் சேர்த்து ஆடவைக்கலாம்.

கோ கோ முடிந்ததும் அடுத்த பருவத்துக்கு ரிலே ஓட்டத்தை எடுங்கள். 4×100 மீட்டரில் தடி மாற்றும் பகுதி 30 மீட்டர். அந்த முப்பது மீட்டரில் நடப்பது கண்ணுக்குச் சிக்காது, கேமராவுக்குச் சிக்கும். நான்காம் வாரத்தில் ஸ்டாப்வாட்ச் பிடித்த பிள்ளைகளையே அதற்கும் பொறுப்பாளர்களாகப் போடுங்கள், வேலை பழகியிருக்கும்.